பூசைப் பொரியும் பழச்சர்க்கரையும்

பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு என் மகள் வாசுகி ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்று, "அம்மா, வயிறு என்னமோ பண்ணுது" என்றாள். அன்று ஆயுத பூசை. சுவர்க் கடிகாரத்துக்குக் காலையில் சந்தனப் பொட்டு வைத்தது நான்தான். பொட்டுக்குக் கீழே முள் நின்ற இடம் இன்னும் என் கண்ணிலிருந்து போகவில்லை. வாசுகிக்கு அப்போது எட்டு வயது.

நடந்து மூன்று வருடமாகிறது. அடுத்த மாதமே வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டேன். நாற்பத்து நான்கு வயதில் என்ன ஓய்வு என்று கேட்காதவர்கள் இல்லை. இப்போது ஆலையில் பழச்சர்க்கரைக்கு இரண்டாவது டவர் அமைக்கப் போகிறார்களாம். ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் இருவர் வீட்டுக்கே வந்து, "அக்கா, ஆலை மலருக்கு நீங்க எழுதிக் குடுங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஆளுக்கொரு கதை சொல்றாங்க" என்றார்கள். டவர் பக்கத்தில் வேலை செய்யப் போகிறவர்கள் சரியான கதையைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

நான் வேதியியல் படித்தது கோயம்புத்தூரில். படித்து முடித்து, கல்யாணமாகி, வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், நிலக்கடலை போடும் குடும்பத்துக்கு வந்தேன். பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கு ஆலை இருந்தது. மேற்கேயிருந்து லாரி லாரியாகக் கிழங்கு வரும். அரைத்து மாவுப்பால் எடுத்து, அமிலம் சேர்த்து வேகவைத்து, கரியில் வடித்தால் குளுக்கோஸ் பாகு. மிட்டாய்க்காரர்களும் மருந்துக்காரர்களும் வாங்குவார்கள். பாகின் கெட்டித்தன்மை, நிறம், புளிப்பு பார்ப்பது என் வேலை. முதல் ஐந்து வருடத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. மாமியார் வீட்டில், "கெழங்கு நாத்தத்தோட வந்துட்டாளா" என்பார்கள். அது உண்மைதான். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த நாற்றம் போகாது.

குறுப்பு சார் வந்த பிறகுதான் வேலை வேறு மாதிரி ஆயிற்று. தலைமை வேதியியலாளர். ஒல்லியான, மெதுவாகப் பேசும் மலையாளி. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். காலையில் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வராது. "சரசு, ரீடிங் எத்ர?" என்றுதான் வரும், அளவு எவ்வளவு என்று. எந்த அளவையும் ஒருவர் பார்த்தால் போதாது அவருக்கு. ஒருவர் பார்த்துச் சொல்லாமல் விலக வேண்டும், அடுத்தவர் பார்க்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போனால்தான் பேனாவைத் திறப்பார். ஒத்துப்போனாலும் சில நாள் தலையை ஆட்டி, "ஒண்ணூடி நோக்காம்" என்பார். இன்னொரு தடவை பார்க்கலாம் என்று அர்த்தம். நாங்கள் அவர் இல்லாதபோது சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, "குழம்பு இருக்குதா? ஒண்ணூடி நோக்காம்" என்று சிரித்துக்கொள்வோம்.

குளுக்கோஸைப் பழச்சர்க்கரையாக மாற்றும் வேலையைத் தொடங்கியவர் அவர்தான். பழத்திலும் தேனிலும் இருக்கும் அந்தச் சர்க்கரை அப்போது நம் பக்கத்தில் தனியாகக் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து சின்னச் சின்ன சீசாவில் வரும், விலை கேட்டால் தலை சுற்றும். குளுக்கோஸும் அதுவும் ஒரே எடை, ஒரே சரக்கு. உள்ளே ஓரிடத்தில் மட்டும் அடுக்கு மாறியிருக்கும். அந்த ஓரிடத்தை மாற்றிக் கொடுக்க ஒரு பாக்டீரியாவிடம் என்சைம் இருக்கிறது. மண்ணில் கிடக்கும் பாக்டீரியா. நல்ல மழைக்குப் பின் மண் வாசம் வருகிறதே, அதே வாசம்தான் அதை வளர்க்கும் தொட்டியைத் திறந்தால் வரும்.

வளர்த்து, வடிகட்டி, சூட்டில் அதைக் கொன்றுவிடுவோம். உயிர் போனாலும் என்சைம் உள்ளேயே தங்கும். அந்தச் செல்களைக் கெட்டிப்படுத்திக் குருணையாக்கி, ஆள் உயரத்துக்கு மேல் நின்ற ஓர் எஃகுக் குழாயில் நிரப்பினோம். அதைத்தான் டவர் என்பது. சுற்றிலும் வெந்நீர் ஓடும். கை வைத்தால் உடனே எடுக்க வேண்டிய சூடு, அதற்கு மேலும் போகக் கூடாது, கீழும் இறங்கக் கூடாது. மேலே குளுக்கோஸ் பாகு, கொஞ்சம் மெக்னீசியம் உப்போடு, சொட்டுச் சொட்டாக இறங்கும். கீழே வரும்போது பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பழச்சர்க்கரை ஆகியிருக்கும். வேகமாக விட்டால் மாறாது. மெதுவாக விட்டால் பாகு பழுப்பாகும். நடுவில் ஒரு வேகம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று.

மாறியிருக்கிறதா என்று பார்ப்பது ஒளியை வைத்து. நீளக் குழலில் பாகை ஊற்றி ஒரு கருவியில் வைத்துக் கண்ணை வைத்தால், குளுக்கோஸ் ஒளியை வலப்பக்கம் திருப்பும், பழச்சர்க்கரை இடப்பக்கம் இழுக்கும். மாற மாற அளவு பூச்சியத்தை நோக்கி வரும். பூச்சியத்தைத் தாண்டி இடப்பக்கம் போய்விட்டால் நாங்கள் ஜெயித்த மாதிரி. அந்த வருடம் ஆயுத பூசைக்கு முந்தின வாரம் அது தாண்டியது. நான் பார்த்தேன், சொல்லாமல் விலகினேன். குறுப்பு சார் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஒண்ணூடி" என்றார். மூன்றாம் தடவைக்குப் பிறகு வெளியே போய் முற்றத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான் அவருடைய கொண்டாட்டம்.

இனி பூசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஆலை வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. அன்று எல்லோரும் குடும்பத்தோடு வருவோம். இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம். பொரிக்கு வெல்லப்பாகு ஊற்றுவதில்லை, ஆலையின் குளுக்கோஸ் பாகைச் சூடாக்கி ஊற்றி உருண்டை பிடிப்போம். கேன்டீன் பழனியம்மாள் அக்கா கையால் பிடித்தது.

வாசுகிக்கு வருடத்தில் அது ஒன்றுதான் இனிப்பு. தாய்ப்பால் நிறுத்திச் சர்க்கரை போட்ட பால் கொடுத்த நாளிலிருந்தே அவள் வாந்திதான். எலும்பும் தோலுமாகிவிட்டாள். சர்க்கரை இல்லாமல் கொடுத்துப் பார்த்தேன், தேறினாள். பேச்சு வந்த பிறகு லட்டு, வாழைப்பழம், தேன் எதையும் தொட மாட்டாள். பஞ்சாமிர்தத்தைக் கையில் வாங்கிக் கோயில் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டு வருவாள். பிறந்த நாள் வீடுகளில் எனக்குத்தான் தலைகுனிவு. "புள்ளைய இப்புடிச் செல்லங் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கிற. ரெண்டு சாத்து சாத்தி வாயில திணிச்சாத் திங்காமப் போயிருமா?" என்பார் நாத்தனார். என் வீட்டுக்காரர் மட்டும், "உடு, அவளுக்குப் புடிக்கல" என்பார். எனக்கும் வற்புறுத்த மனம் வந்ததில்லை. ஆனால் ஆலைப் பொரி உருண்டையை மட்டும் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு தின்பாள். ஆலை மேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் பூசைக்கு முன் பழனியம்மாள் அக்கா குறுப்பு சாரிடம் போய், "ஏனுங் சார், புதுப் பாகுல ஒரு கேன் குடுங்க. மொதப் பாகு, சரஸ்வதி படத்துக்கு முன்னால வைக்கோணும்" என்று கேட்டிருக்கிறார். அவர் கொடுத்தார். அவருடைய ஊரில் பூசைக்குப் புத்தகமும் ஆயுதமும் வைப்பார்கள், மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். படத்துக்கு முன்னால் வைத்ததைப் பங்கிட்டுத் தின்றால்தான் நமக்குப் பூசை நிறையும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவர் டவரை விட்டு வரவும் இல்லை. சூடு இறங்கினால் குருணை கெட்டுவிடும் என்பதால் அது ஒன்று மட்டும் அன்றும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அந்தக் கேனைப் படைத்து, எடுத்து, அதிலேயே பொரிக்குப் பாகு காய்ச்சிவிட்டார். பெருமையில் செய்தது. அவர் மேல் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. பெரிய பெரிய மனிதர்களெல்லாம் தின்றுவிட்டு, "இந்த வருசம் தித்திப்புத் தூக்கலா இருக்குது" என்று பாராட்டினார்கள்.

வாசுகியும் தின்றாள். "அம்மா, இது வேற மாதிரி இருக்குது" என்று ஒருமுறை சொன்னாள். புதுப் பாகு ஊற்றியது தெரியாத நான், பாகு பதம் கொஞ்சம் கூடியிருக்கும் என்றேன்.

வயிறு வலிக்கிறது என்று வந்தவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். உடனே வாந்தி எடுத்தாள். நெற்றியில் குளிர்ந்த வியர்வை. விரல்கள் நடுங்கின. கண்ணைத் திறக்கச் சொன்னால் திறந்து, மறுபடி மூடினாள். ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"கண்ணு பட்டுப்போச்சு."

"கண்ணுமில்ல, மண்ணுமில்ல. புள்ள மயக்கமாக் கெடக்குது. நகருங்க" என்று பழனியம்மாள் அக்கா ஒரு டம்ளர் வெல்லத்தண்ணீரோடு வந்தார். "அம்மிணி, ஒரு மொடக்குக் குடி சாமி, தெம்பா இருக்கும்."

வாசுகி பல்லைக் கடித்துக்கொண்டாள். அரை நினைவில்கூடத் தலையைத் திருப்பினாள். இரண்டு பேர் பிடித்துக் கொஞ்சம் உள்ளே விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

வண்டிகளெல்லாம் மாலை போட்டு வரிசையாக நின்றன. பூசை போட்ட வண்டியை மறுநாள்தான் எடுப்பது வழக்கம். டிரைவர் ரங்கசாமி அண்ணன் ஒரு கணம் ஆலை வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாமி கோவிச்சுக்கிட்டா என்கிட்ட கோவிச்சுக்கட்டும். ஏறுங்க" என்று கண்ணாடியை மறைத்த மாலையை அறுத்தார். கோயம்புத்தூர் போகலாம் என்றால் செக்போஸ்ட்டில் சந்தைக்கு வந்த மாட்டு லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. பாலக்காட்டுக்குத் திருப்பினார். நடுவில் கொழிஞ்சாம்பாறையில் டாக்டர் வீடு பூட்டியிருந்தது. வழியெல்லாம் வேனின் முன்னால் கட்டிய வாழைக்கன்று காற்றில் அடித்துக்கொண்டே வந்தது.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளம் டாக்டர். பொறுப்பானவர், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நாடி பார்த்தார், கண் பார்த்தார், மூச்சை முகர்ந்தார். சிறுநீரில் பாவாடை நனைந்திருந்தது, மறுபடி போனதைக் குழாயில் பிடித்து நீல மருந்து ஊற்றிக் காய்ச்சச் சொன்னார். நீலம் செங்கல் நிறமானது.

"சுகர் இருக்கு. இதுக்கு முன்னால டயபெட்டிஸ்னு யாராவது சொல்லியிட்டுண்டா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"சின்னக் குட்டிகளுக்கும் வரும். அந்த மயக்கமானா இன்சுலின் கொடுக்கணும்." நர்ஸ் ஊசியை எடுத்துத் தட்டில் வைத்தாள். ஆனால் அவர் ஊசியைத் தொடவில்லை. "வியர்வை இத்ரயும் இருக்கே... மூச்சிலே டயபெட்டிஸுக்குள்ள மணமும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரத்தத்தில் சர்க்கரை பார்க்கிறவர் பூசை விடுமுறையில் போயிருந்தார். ஆள் அனுப்பியிருந்தார்கள். குழந்தைகளைப் பார்க்கும் பெரிய டாக்டரம்மாவும் ஊருக்குப் போயிருந்தார். தந்தி போயிருந்தது.

எனக்கு ஒன்று மட்டும் தெரியும். அந்த நீல மருந்து எங்கள் மேசையிலும் உண்டு. அது குளுக்கோஸுக்கு மட்டும் சிவக்காது. "டாக்டர், அது வேற சர்க்கரைக்கும் நிறம் மாறுமுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "செரியாணு. ஆனா, இவ உடம்பில வேற எந்தச் சர்க்கரை வரும்?"

இன்சுலின் சரியா, குளுக்கோஸ் சரியா என்று இரண்டு பக்கமும் ஓர் உயிர் தொங்கியது. உண்மையில் நீரிழிவு மயக்கமென்றால் குளுக்கோஸ் ஏற்றுவது நெருப்பில் எண்ணெய். சர்க்கரை இறங்கிய மயக்கமென்றால் இன்சுலின் அவளை முடித்துவிடும். வாசுகியின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சில்லென்று இருந்தது.

அப்போதுதான் குறுப்பு சார் வந்தார். ஃபிட்டர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார். சட்டை முழுக்கப் புழுதி. துணிப்பையில் பாகும் அமிலமுமாக மூன்று சீசாக்கள். ஆலையில் பழனியம்மாள் அக்கா அழுதுகொண்டே கேன் விஷயத்தைச் சொன்ன பிறகு கிளம்பியவர்.

"இன்ஜெக்‌ஷன் ஏதாவது கொடுத்தோ?"

"இல்ல. நீங்க யாரு?"

"இந்தக் குட்டி தின்ன சர்க்கரை உண்டாக்குன ஆள்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "சரசு, இவள் எல்லா வருஷமும் பொரி தின்னும். இல்லே?"

"ஆமாங்க சார்."

"வேறே மதுரம் எதுவும் தின்னாது. பழம்?"

"தொட மாட்டாளுங்க."

"எப்ப முதல்?"

"பால் மறந்ததிலிருந்தேங்க."

அவர் டாக்டரிடம் சொன்னதை எனக்கு நினைவிருக்கும் மட்டும் எழுதுகிறேன். எங்கள் பழச்சர்க்கரையை நரம்பில் ஏற்றும் மருந்துக்கு விற்கலாமென்று அவர் நிறையப் படித்திருந்தார். அதில் ஓர் எச்சரிக்கை உண்டாம். சில குழந்தைகள் பிறக்கும்போதே பழச்சர்க்கரையைச் செரிக்கும் ஓர் என்சைம் ஈரலில் இல்லாமல் பிறக்கும். அது உள்ளே போனால் பாதியில் நின்றுவிடும், இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை இறக்கிவிடும். நாம் தின்னும் சாதாரணச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் பாதி அதுதான், வருடா வருடம் பொரிக்கு ஊற்றிய பாகில் அது கிடையாது. "ஆனா ஞான் டாக்டரல்ல. என் ஊகம் தப்பாகலாம். அந்த மூத்திரத்தில் இருக்குறது எந்தச் சர்க்கரைன்னு மட்டும் எனக்குப் பார்த்துச் சொல்லத் தெரியும்."

ஊசி காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் மூன்று குழாய்கள் கேட்டார். ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் அவர் கொண்டுவந்த பழைய குளுக்கோஸ் பாகு, துளி. ஒன்றில் வாசுகியின் சிறுநீர். மூன்றிலும் ரிசார்சினால் என்ற பொருள் கலந்த அமிலத்தை ஒரே அளவு விட்டார். பழச்சர்க்கரை இருந்தால் அது சட்டென்று சிவக்கும், குளுக்கோஸ் இருந்தால் அத்தனை சீக்கிரம் சிவக்காது. எனக்கு உள்ளம் கொதித்தது. தண்ணீரும் குளுக்கோஸும் எதற்கு, என் பிள்ளையுடையதை மட்டும் பார்க்கக்கூடாதா? ஆனால் அவர் கை என்றைக்கும் போலவே மெதுவாக, சிந்தாமல் வேலை செய்தது. மூன்றையும் ஒன்றாகக் கொதிநீரில் இறக்கினார். டாக்டரை அழைத்தார். "நான் சொல்ல மாட்டேன். நீங்க நோக்குங்க."

நான் குழாய்களைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தைத்தான் பார்த்தேன்.

"மூணாவது. சுவப்பு."

"மத்தது ரெண்டும்?"

"ஒண்ணுமில்ல."

குறுப்பு சார் வாயைத் திறந்தார். இன்னொரு தடவை என்றுதான் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் கட்டிலைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். பதினாறு வருடத்தில் அவர் இரண்டாம் முறை பார்க்காமல் விட்ட அளவு அது ஒன்றுதான்.

டாக்டர் தட்டிலிருந்த இன்சுலினைத் தள்ளி வைத்தார். "குளுக்கோஸ்" என்றார். நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் குத்தி மூன்றாவதில் கிடைத்தது. மெல்ல மெல்ல ஏற்றினார். ஊசி முழுதும் இறங்குவதற்குள் வாசுகியின் கால் விரல் என் கைக்குள் அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்து, ஊசியைப் பார்த்து, அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்டுக் குறுப்பு சார் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அவள் உறங்கினாள், விழித்தாள், மறுபடி உறங்கினாள். சொட்டு மருந்து ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வந்தார். பழனியம்மாள் அக்கா வந்து கட்டிலுக்கு அருகில் வராமல் கதவோரமே நின்றார், நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். எனக்கு மட்டும் நெஞ்சு அடங்கவில்லை. இன்றுவரை முழுதாக அடங்கவில்லை. ஒரு கல்யாணப் பந்தி, ஒரு கோயில் பிரசாதம், பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினால் ஒரு மிட்டாய். அவள் வீடு திரும்பும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். டவர் பக்கம் போனால் அந்த இனிப்பு ஆவி மூக்கில் ஏறும், கை நடுங்கும். குழாயை நடுங்கும் கையால் பிடிக்கக் கூடாது. அதனால்தான் விலகினேன். டவர் மேல் குற்றமில்லை, அதன் பாகு நல்ல பாகு. புதிதாக வந்த பெண்களே, பாகுக் கேன் எதுவும் பெயர் ஒட்டாமல் அறையை விட்டு வெளியே போக வேண்டாம். சாமிக்கென்று கேட்டாலும் வேண்டாம்.

மறுநாள் காலையில், சொட்டு மருந்துப் புட்டியை மாற்றும் நேரத்தில், பெரிய டாக்டரம்மா வந்து சேர்ந்தார். தந்தி பார்த்து முதல் பஸ்ஸைப் பிடித்து நேராக வந்தவர், கையில் பயணப் பை அப்படியே இருந்தது. எழுதி வைத்ததை எல்லாம் படித்தார். வாசுகியின் வயிற்றை அழுத்தி ஈரலைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி, சர்க்கரை படாத வாய், ஒரு சொத்தைப்பல்கூட இல்லை என்று இளம் டாக்டருக்குக் காட்டினார். பிறகு இவளுக்கு என்னென்ன கொடுத்து வளர்த்தீர்கள் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் திட்டு விழப் போகிறது என்றே நினைத்தேன். செல்லம் கொடுத்துக் கெடுத்ததாக எல்லோரும் சொல்வார்கள் என்பதையும், வேண்டாமென்றால் நான் கட்டாயப்படுத்தியதில்லை என்பதையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்.

அவர் கட்டிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"கட்டாயப்படுத்தியிருந்தீங்கன்னா இந்தக் குட்டி எட்டு வயசு கண்டிருக்காது" என்றார். "அந்தச் செல்லம்தான் இவளை இதுவரை கொண்டுவந்தது. போய் முகம் கழுவிட்டு வாங்க. இவளுக்குப் பசிக்குதாம். சோறு கொடுக்கலாம்."